குள்ளர் வீடு: கல்திட்டை பிறந்த கதை

பழனி மலையில் உள்ள தாண்டிக்குடியில் மாமாவின் காப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. எனக்குப் பத்து வயதில், ஒரு பொங்கல் லீவில், மிளகு பழுத்துவிட்டதா என்று பார்க்கக் கிளம்பிய மாமாவின் பின்னால் ஓடினேன். உண்ணிச்செடிப் புதரை அரிவாளால் விலக்கிக்கொண்டு மாமா முன்னால் போனார். மேகம் தரையைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. அது சற்று விலகியபோது பாறை மேல் ஒரு வீடு நின்றது.

வீடு என்றுதான் எனக்குத் தோன்றியது. நாலு பக்கமும் நாலு கற்பலகைகள். மேலே கூரையாக ஒரே ஒரு பெரிய பலகை. சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை, கல்லின் மேல் கல் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். ஒரு பலகையில் மட்டும் என் தலை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. குனிந்து பார்த்தேன். சருகும் இருட்டும். உள்ளேயிருந்து வந்த குளிர் முகத்தில் பட்டது.

"மாமா, இது யாரு வீடு?"

"குள்ளரு வீடு மாப்ள. அந்தக் காலத்துல மொழங்கா ஒசரத்துக்குத்தான் மனுசங்க இருந்தாங்களாம். ஒரு மொயலப் புடிக்க நாலு பேரு வேணுமாம். கைய உள்ள விடாத, பாம்பு கெடக்கும்."

சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பாறையில் ஏறினார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் கழற்றினேன்.

தமிழ்நாட்டின் மலைகளிலும் குன்றுகளிலும் இப்படி நிற்பவற்றை ஆய்வாளர்கள் கல்திட்டை என்கிறார்கள். ஊரார் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. பழனி மலையில் குள்ளர் வீடு, கொங்குப் பக்கமும் வடமாவட்டங்களிலும் பாண்டவர் குழி, கேரளத்து மறையூரில் முனியறை. கர்நாடகத்தில் மோரியர் வீடு. பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கினார்கள், முனிவர்கள் தவம் செய்தார்கள், குள்ளர்கள் குடித்தனம் நடத்தினார்கள் என்று ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. கல்லின் கனத்தைப் பார்த்தவர்கள் பீமனைச் சொன்னார்கள், துளையின் அளவைப் பார்த்தவர்கள் குள்ளரைச் சொன்னார்கள். நம்மைப் போன்ற உடம்பும் உயரமும் உள்ளவர்கள் கட்டியிருப்பார்கள் என்று சொன்ன கதை மட்டும் என் காதில் விழவில்லை. பத்து வயதில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் பல வருஷம் படித்து அலைந்த பிறகு, எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மறதிதான்.

அந்தக் கற்களைப் பற்றி அச்சில் ஏறிய முதல் விவரங்களுள் ஒன்று மலபாரிலிருந்து வந்தது. பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அங்கே சில குழிகளைத் தோண்டிப் பார்த்து எழுதிய கட்டுரை 1823இல் வெளியானது. ஊரார் சொன்ன 'பாண்டு குழி' என்ற பெயரையே அவர் தலைப்பில் வைத்தார். 1850களில் கர்நாடகத்து ஷோராப்பூர்ப் பகுதியில் மெடோஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி, கல்லறைகளின் மண்ணடுக்குகளையும் அறையையும் குறுக்குவெட்டாக வரைந்து காட்டினார். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் அந்த மலையின் பழங்குடிகளையும் கற்சின்னங்களையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறுவருஷம், 1873இல் வந்தது. எங்கள் பழனி மலைக்கு ஆங்லாட், நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார்கள் இருவர் கிடைத்தார்கள். அவர்கள் இந்த மலையின் கல்திட்டைகளைப் பற்றி எழுதியது 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் 36ஆவது ஆய்வேடாக வெளிவந்தது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், இந்த மலையிலிருந்து சேர்த்த பழம்பொருட்களை இன்றும் பார்க்கலாம்.

தோண்டிய இடங்களில் குடித்தனத்தின் அடையாளம் கிடைக்கவில்லை. எலும்புத் துண்டுகள், பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள் கிடைத்தன. குள்ளரும் முனிவரும் வசித்த வீடு இல்லை இது. இறந்தவர்களுக்காக இருந்தவர்கள் கட்டிய வீடு.

அது ஏன் இந்த வடிவத்தில் பிறந்தது?

காலடி மண்ணைப் பார்த்தால் பாதி விளங்கும். தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. அங்கே குயவர் வனைந்த பெரிய தாழிகளில் எலும்பை வைத்துப் புதைத்தார்கள். கொங்கின் சரளை நிலத்தில் குழி தோண்ட முடியும், கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அங்கே பூமிக்குள் பலகைகளை நட்டு அறை செய்து, மேலே கல் குவித்து, சுற்றிலும் கல்வட்டம் வைத்தார்கள். அதுதான் கற்பதுக்கை. மத்திய கேரளத்தின் செம்பாறாங்கல்லை ஈரத்தோடு வெட்டிச் செதுக்கலாம். அங்கே தரைக்குள் குடைந்த அறைகளும், திருச்சூர்ப் பக்கம் சேரமானங்காட்டில் நிற்பது போன்ற குடைக்கற்களும் பிறந்தன.

மலை உச்சியின் மொட்டைப் பாறையில் கடப்பாரை இறங்காது, குழி தோண்ட வழியில்லை. மற்ற இடங்களில் பூமிக்குள் மறைந்த அறை, இங்கே பாறை மேல் எழுந்து நின்றது. எல்லோரும் செய்தது ஒரே காரியம். ஊன்றி நின்ற மண் வேறாக இருந்ததால் வடிவமும் வேறாகிவிட்டது. இந்த வேறுபாடுகளைப் பிரித்துப் பெயரிட்டு ஒழுங்கு செய்தவர் தொல்லியலாளர் வி.டி. கிருஷ்ணசாமி. அவருடைய கட்டுரை 1949இல் வந்தது.

கல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அதே பாறையிலிருந்துதான். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கருங்கல் பாறை, வெங்காயம் உரிவதுபோல ஏடு ஏடாகப் பிரியும் தன்மையுள்ளது. அந்த ஏட்டைப் பெயர்க்கக் கல்லுடைப்பவர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. பாறை மேல் விறகை வரிசையாகப் பரப்பித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல் ஏடு விரிந்து அடிப்பாறையை விட்டுக் கிளம்பும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டியிருக்கும் இடத்தில் கல் கெட்டியாக ஒலிக்கும், விட்டுவிட்ட இடத்தில் பானையைத் தட்டினதுபோல் ஒலிக்கும். காதை வைத்தே நெருப்பை நகர்த்துவார்கள். பிரிந்த ஏட்டின் ஓரங்களைச் சில்லு சில்லாகத் தட்டி நேராக்கினால் பலகை தயார். கர்நாடகத்தில் கங்காவதிக்குப் பக்கத்து ஹிரேபெனகல்லில் இத்தகைய கல்லறைகள் நானூறு அளவுக்கு இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு சுனை கிடக்கிறது. கல் பெயர்த்துப் பெயர்த்தே அந்தப் பள்ளம் பெரிதாயிற்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். தண்ணீர் நிற்கும் அந்தப் பள்ளம்தான் சுற்றியுள்ள வீடுகளின் தாய்வயிறு.

இனிக் கனத்துக்கு வருவோம். எட்டடி நீளம், ஆறரை அடி அகலம், எட்டு அங்குலக் கனம் என்று ஒரு மூடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு கனமீட்டர் வரும். கருங்கல் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,700 கிலோ இருக்கும். ஒரு ஆள் 45 கிலோ தாங்குவான் என்று வைத்தால் அறுபது தோள் வேண்டும். அறுபது பேர் ஒரே கல்லைச் சுற்றி நிற்க இடமில்லை. ஆகவே அடியில் உருளைக் கட்டை, முன்னால் வடம், பின்னால் நெம்புகோல். நட்ட பலகைகளின் உயரத்துக்கு மண்ணும் கல்லும் கொட்டிச் சரிவு போட்டு, அதன் மேல் ஏற்றிச் சாத்தி, பிறகு சரிவைக் கலைத்திருக்க வேண்டும். தேர் இழுக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைக் கண்ணால் பார்ப்பதுபோல் தெரியும். வடம் பிடிக்கக் கூட்டம், குரல் கொடுக்க ஒருவர், சக்கரத்துக்குச் சன்னக்கட்டை போடுகிற தேர்ந்த கை ஒன்று. அந்தக் கை ஒரு கணம் பிசகினாலும் ஆள் நசுங்குவான்.

பலகைகளை நட்ட விதத்தில் அவர்களின் தச்சறிவு தெரிகிறது. நாலு பலகைகளையும் மூலைக்கு மூலை சேர்த்து நிறுத்தவில்லை. ஒவ்வொன்றின் ஒரு முனை அடுத்ததன் முகத்தில் முட்டும், மறுமுனை சற்று வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுழல்கிற ஸ்வஸ்திகம் போலிருக்கும். வெளியிலிருந்து மண்ணோ கல்லோ அழுத்த அழுத்த, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இறுகும். தனியாக நின்றால் எந்தப் பலகையும் விழுந்துவிடும். நாலும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுப்பதால் ஆணியும் சாந்தும் இல்லாமல் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே குன்றின் மேல் அறையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பலகைகளை நட்டிருக்கிறார்கள். வளைந்த தலையுள்ளது ஒன்று, தட்டைத் தலையுள்ளது ஒன்று என மாறி மாறி நிற்கும்போது கல்லால் ஆன தாமரை விரிந்தாற்போல் தோன்றும். உறுதிக்கு இத்தனை தேவையில்லை. அழகுக்காகச் செய்தார்கள். இறந்தவர் மேல் வைத்த மரியாதை, உளி பிடித்தவன் கையில் அழகாக இறங்கியிருக்கிறது.

பத்து வயதில் நான் குனிந்து பார்த்த அந்தத் துளைக்கும் ஒரு பெயர் உண்டு: இடுதுளை. பல கல்லறைகளில் அது கிழக்குப் பலகையில் இருக்கிறது. பலகையை இரு முகத்திலிருந்தும் கொத்தி நடுவில் சேர்த்து வட்டமாக்கியிருப்பார்கள். மூடுகல்லைச் சாத்திய பிறகு அதைத் திறப்பது பெரும்பாடு. ஆனால் சாவு ஒரு முறையோடு நிற்பதில்லையே. 1947இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய கர்நாடகத்துப் பிரம்மகிரியில் ஒரே அறைக்குள் பலருடைய எலும்புகள் கிடந்தன. முழு உடல்கள் இல்லை, பொறுக்கிச் சேர்த்த எலும்புகள். உடலை வேறெங்கோ இட்டு, தசை கரைந்த பின் எலும்பை எடுத்து வந்து இந்த வீட்டில் சேர்த்திருக்கிறார்கள். தாத்தா இருக்கும் அறைக்குப் பேரனும் வந்து சேர அந்தத் துளை வழி விட்டிருக்கலாம். மேகாலயத்தின் காசி மக்களிடம் தாய்வழிக் குலத்தின் எலும்புகளையெல்லாம் ஒரே கல்லறையில் கூட்டிச் சேர்க்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. பிரிந்துபோன குலம் அங்கே மறுபடி ஒரு குடும்பமாகிவிடும்.

நம் இலக்கியத்துக்கும் இது தெரிந்த சங்கதிதான். மணிமேகலையில், சுடுகாட்டுக் கோட்டம் எனப்படும் சக்கரவாளக் கோட்டத்தின் கதை சொல்லும் இடத்தில், இறந்தவர்க்குச் செய்வதில் ஐந்து வழிகள் வருகின்றன: சுடுவது, வெட்டவெளியில் இடுவது, தோண்டிய குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது. இந்தச் சொற்களையும் பெருங்கற்காலக் கல்லறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொல்லியலாளர் கே.ஆர். சீனிவாசன் எழுதிய கட்டுரை 1946இல் வந்தது. சங்கப் பாடல்களில் வரும் பதுக்கை என்ற சொல்லைத்தான் ஆய்வாளர்கள் கற்பதுக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே வைத்தவற்றைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் வழவழப்பான கலங்கள் இந்த மக்களின் அடையாளம். பானையைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். பழனிக்குத் தென்மேற்கே, இதே மலையின் அடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்த ஒரு கல்லறையில், நாலு கால் வைத்த ஜாடிக்குள் இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லின் காலத்தைக் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. போகிறவருக்கு வழியில் பசிக்கும் என்று யாரோ அளந்து போட்ட நெல். நாம் இன்றும் பிரிந்தவர் வாயில் அரிசி இட்டுத்தான் அனுப்புகிறோம். இரண்டும் ஒரே சடங்கு என்று சாதிக்க நான் வரவில்லை. போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராதது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

வயது என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். தமிழகத்தின் பெருங்கற்சின்னங்கள் ஒரே நாளில் எழுந்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பல நூற்றாண்டுகள் கட்டிக்கொண்டே வந்தார்கள். இவை இரும்புக் காலத்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த இரும்புக் காலத்தின் தொடக்கமே இப்போது பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு 2025 ஜனவரியில் வந்தது. இவை அந்தந்த இடத்தில் தோண்டி எடுத்த மாதிரிகளின் காலம். பாறை மேல் திறந்து கிடக்கும் ஒவ்வொரு திட்டைக்கும் இதை ஒட்டவைக்கக் கூடாது. திறந்த அறையில் மண்ணடுக்கு தங்குவதில்லை. புதையல் தேடியவர்கள் கைவைத்த அறையில் எலும்பும் தங்குவதில்லை. காலத்தைச் சொல்ல வேண்டிய சாட்சியை நாமே கலைத்துவிட்டோம்.

இன்னும் கலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வேதனை. மூடுகல் துவைக்கிற கல்லாகிறது, பக்கப்பலகை ஓடைக்குப் பாலமாகிறது. குவாரி ஒன்று வந்தால் குன்றே போகிறது. கோயில் என்றால் கைவைக்க அஞ்சுவோம். இதைக் 'குள்ளர் வீடு' என்று சொல்லி அந்நியமாக்கிவிட்டதால் கை கூசுவதில்லை. பாட்டன் வீடு என்று தெரிந்திருந்தால் கூசியிருக்கும்.

நீலகிரிக் குறும்பர்கள் அப்படி அந்நியமாக்கவில்லை. யார் எப்போது கட்டியது என்ற ஆராய்ச்சி எதுவும் இல்லாமலே, அந்தப் பழைய கல் அறைகளைச் சாவுமனை என்று சொல்லித் தங்கள் இறந்தவர்களுக்காக அங்கே ஒரு கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கல். ஒரு உயிருக்கு ஒரு கல். கட்டியவர் பெயரை உலகம் மறந்த பிறகும், கட்டிய காரணத்தை அவர்கள் மறக்கவில்லை.

போன வருஷம் மாமா இறந்தார். செய்தி போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் சுற்றுத் தோட்டங்களில் வேலை நின்றது. யாரும் கூப்பிடவில்லை. விறகு வந்தது, மூங்கில் வந்தது, வெளியூர்க்காரர்களுக்குச் சோறு பக்கத்து வீட்டு அடுப்பில் வெந்தது. மயானத்துக்குப் போகிற பாதை செங்குத்து. நாலு பேர் தூக்கிய பாடையை நூறடிக்கு ஒரு தரம் தோள் மாற்றினார்கள். ஒருவர் விலகுமுன் இன்னொருவர் தோள் கொடுத்தார். என் முறை வந்தபோது மூங்கில் தோளில் அழுந்தியது. முன்னால் போனவர் "பாத்து, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த ஏற்றத்தில்தான் பத்து வயதுக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஒருவர் போய்விட்டார் என்று அறுபது பேர் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கல்லுக்குத் தோள் கொடுத்தார்களே, அந்த நாளில் பிறந்தது கல்திட்டை. அந்தக் கல்லைத் தூக்கப் பீமன் வேண்டியிருக்கவில்லை. ஒருவர் சாவு எல்லோர் வீட்டுச் சாவு என்று நினைக்கிற ஊர் இருந்தது.

காட்டுப் பாதையில் எங்காவது இப்படி ஒரு கல்வீட்டைப் பார்த்தால் எதையும் நகர்த்தாதீர்கள். உள்ளே தோண்டாதீர்கள். அந்த இடத்தைத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பிறகு சற்றுத் தள்ளி நின்று, மூடுகல்லின் நீளம், அகலம், கனத்தைக் கண்ணால் அளந்து, எத்தனை தோள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இறந்தவர் பெயரும் கட்டியவர் பெயரும் போய்விட்டன. அன்று எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பதை மட்டும் அந்தக் கல் இன்னும் வைத்திருக்கிறது.